கல்லூரி விரிவுரையாளர் சம்பளமும் மற்ற பட்டதாரிகளின் வருமானமும்: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, முதுகலை முடித்த பிள்ளை உள்ள வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் இவை. அரசுச் சம்பளக் கணக்குகள் எல்லாவற்றிலும் 2025 ஜூலை முதலான 58% அகவிலைப்படி சேர்த்திருக்கிறோம். அகவிலைப்படி ஏறினால் தொகையும் ஏறும். அகவிலைப்படி பெறும் பணிகளுக்குள் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது.

கல்லூரி விரிவுரையாளருக்கு மாதம் எவ்வளவுதான் சம்பளம்?

எந்த நாற்காலி என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே துறை, ஒரே பாடத்திட்டம், ஒரே வகுப்பறை. ஆனால் பாடம் நடத்துபவர் நிரந்தர உதவிப் பேராசிரியரா, கௌரவ விரிவுரையாளரா, சுயநிதிக் கல்லூரி ஆசிரியரா என்பதைப் பொறுத்துச் சம்பளம் மூன்று மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை வேறுபடும்.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு, அது அரசுக் கல்லூரியானாலும் அரசு உதவிபெறும் கல்லூரியின் உதவிபெறும் பணியிடமானாலும், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதிய நிலை 10 கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அகவிலைப்படி 33,466 ரூபாய், ஆக 91,166 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல் தனி. ஓய்வூதியத்துக்காக அடிப்படையிலும் அகவிலைப்படியிலும் 10% பிடிப்பார்கள், அதாவது 9,117 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு 82,000-ஐ ஒட்டி வரும்.

அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருடத்துக்கு 11 மாதம்தான், மே மாதம் கிடையாது. ஆண்டுக்கு 2,75,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,917 ரூபாய்.

சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகம் வைத்ததே விகிதம். யு.ஜி.சி. ஊதியத்தைக் கொடுக்க வேண்டும் என்று விதிகளில் எழுதியிருந்தாலும், நடைமுறையில் அதைக் கொடுக்கும் சுயநிதி நிர்வாகம் அரிது. மாதம் 18,000 என்று ஒரு கல்லூரி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வைப்பு நிதிக்கு 1,800 பிடித்தால் கைக்கு 16,200. உதவிபெறும் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவு என்று ஒன்று தனியாக இருக்கும். வாசல் பலகை ஒன்றே என்பதால் பலர் ஏமாறுவது இங்கேதான். நேர்காணலுக்குப் போகும்போதே, "இது உதவிபெறும் பணியிடமா, நிர்வாகப் பணியிடமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இதே படிப்புக்கு மற்ற அரசு வேலைகளில் என்ன வரும்?

முதலில் தொடக்க அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். இளநிலை உதவியாளரும் கிராம நிர்வாக அலுவலரும் 19,500. இடைநிலை ஆசிரியர் 20,600. பட்டதாரி ஆசிரியர் 36,400. முதுகலை ஆசிரியரும் காவல் உதவி ஆய்வாளரும் 36,900. துணை ஆட்சியரும் அரசு உதவி மருத்துவரும் 56,100. நிரந்தர உதவிப் பேராசிரியர் 57,700.

ஆக, குரூப் 1 எழுதித் துணை ஆட்சியராக வருபவரைவிடக் கல்லூரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை 1,600 ரூபாய் அதிகம். ஊரில் பலர் இதை நம்புவதில்லை. ஊதிய அட்டவணையை எடுத்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்கள்.

அகவிலைப்படி சேர்த்தால் இளநிலை உதவியாளருக்கு 30,810, முதுகலை ஆசிரியருக்கு 58,302. இங்கே நெஞ்சைச் சுடும் கணக்கு ஒன்று உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அதில் தேறி இளநிலை உதவியாளராகச் சேர்பவருக்கு முதல் ஆண்டிலேயே 3,69,720 ரூபாய். முனைவர் பட்டம் முடித்துக் கௌரவ விரிவுரையாளராக இருப்பவருக்கு 2,75,000. படிப்பில் பத்தாண்டுக்கு மேல் கூடுதல். வருமானத்தில் கிட்டத்தட்ட 95,000 குறைவு. இந்த அநியாயத்தை மாற்றச் சொல்லித்தான் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுதோறும் தெருவுக்கு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் மிகை எதுவும் இல்லை.

கௌரவ விரிவுரையாளருக்கு 50,000 என்கிறார்களே, அது என்ன?

2019 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதல் அது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று அதில் சொல்லியிருக்கிறது. அதன்படி கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றமும் சொன்னது.

1,500 என்ற தொகை பெரிதாகத் தோன்றினால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். மாதத்துக்கு 64 மணி என்று கொள்வோம். நிரந்தரப் பணியாளரின் 91,166-ஐ 64-ஆல் வகுத்தால் மணிக்கு 1,424 ரூபாய். கௌரவ விரிவுரையாளரின் 25,000-ஐ வகுத்தால் 391 ரூபாய். யு.ஜி.சி. சொன்ன 1,500, நிரந்தரப் பணியாளரின் மணிக் கணக்கை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் உங்கள் வீட்டு வரவு செலவைத் திட்டமிடும்போது கையெழுத்துப் போடும் ஆணையில் உள்ள தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 வரும் என்று நம்பி வண்டிக் கடன் வாங்க வேண்டாம்.

மே மாதச் சம்பளம் இல்லாதது அவ்வளவு பெரிய பிரச்சினையா? ஒரு மாதம்தானே?

மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு ஒரு மாதம்தான். நம் கடற்கரையில் அப்படி இல்லை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்பா அல்லது அண்ணன் பாம்பனிலோ மண்டபத்திலோ விசைப்படகுக்குப் போகிறவராக இருந்தால் அந்த இரண்டு மாதமும் படகு கரையில்தான் நிற்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதே நேரத்தில் வீட்டில் படித்த பிள்ளைக்கும் மே மாதச் சம்பளம் இல்லை. இரண்டு வருமானமும் சேர்ந்தாற்போல் நிற்கும் காலத்தில்தான் வலை, இன்ஜின், பலகை மராமத்துச் செலவும் வரும். தம்பி தங்கைக்குப் பள்ளி, கல்லூரிக் கட்டணமும் ஜூனில் வந்து நிற்கும்.

இதைச் சமாளிக்க ஒரே வழி, ஜூலை முதல் ஏப்ரல் வரை பத்து மாதம், மாதம் 2,500 ரூபாய் தொடர் வைப்பில் போடுவது. ஏப்ரல் முடிவில் 25,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். மே மாதம் உங்கள் சம்பளத்தை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறீர்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்குப் போகும் என்பதால் இதற்குச் சரிப்படாது. வங்கியில் பத்து மாதத் தவணை கேளுங்கள். நகையை அடகு வைத்து மே மாதத்தைத் தாண்டுபவர்களுக்கு அந்த வட்டி அடுத்த தீபாவளி வரை இழுக்கும்.

நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. அந்த வீடுகளில் நெருக்கடி இவ்வளவு இருக்காது.

நிரந்தர வேலை கிடைக்கும் வரை காத்திருப்பது லாபமா? பள்ளி ஆசிரியராகப் போய்விடலாமா?

எத்தனை வயதில் நிரந்தரம் ஆகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

26 வயதில் இருவர். ஒருவர் முதுகலையோடு பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் ஆகிறார். முதல் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 7 லட்சம், ஆண்டுக்கு 3% ஊதிய உயர்வு. மற்றவர் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கு 2,75,000 வாங்கிக்கொண்டு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வுக்குக் காத்திருக்கிறார். அகவிலைப்படியை 58%-இலேயே நிறுத்திக் கணக்குப் போடுவோம்.

இரண்டாமவர் 30 வயதில் நிரந்தரம் ஆனால், அதுவரை பள்ளி ஆசிரியர் சுமார் 29 லட்சமும் இவர் 11 லட்சமும் வாங்கியிருப்பார்கள். இடைவெளி 18 லட்சம். அதன்பின் இவருக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல் கூடுதலாக வருவதால் 36 வயதில் சமன் ஆகிவிடும். மீதி 24 ஆண்டும் லாபம்.

36 வயதில் நிரந்தரம் ஆனால் கதை வேறு. அதுவரை பள்ளி ஆசிரியர் சுமார் 80 லட்சம் வாங்கியிருப்பார். இவர் இருபத்தேழரை லட்சம். இடைவெளி அரைக் கோடியைத் தாண்டும். பள்ளி ஆசிரியருக்குப் பணியாண்டுகளை வைத்து வரும் தேர்வுநிலை, சிறப்புநிலை ஊதிய உயர்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இவர் அவரை எட்டிப் பிடிப்பது 51 வயதை ஒட்டித்தான். ஓய்வு வயது 60. ஒன்பது ஆண்டு லாபத்துக்காக இளமைக் காலத்தின் பத்தாண்டு பற்றாக்குறை என்று இதைப் படிக்கலாம். அந்தப் பத்தாண்டில்தான் கல்யாணம், குழந்தை, பெற்றோர் மருத்துவம் எல்லாம் வருகின்றன.

எங்கள் கருத்து இது: 30 வரை கல்லூரிக்கு முயற்சி செய்யுங்கள், ஆனால் பி.எட். பட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு முயற்சி செய்யுங்கள். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு 2025-இல் 1,996 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதையும் எழுத முடிகிறவருக்கு ஒரு கதவு சாத்தினாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

இரண்டாமவர் 51-இல் எட்டிப் பிடிக்கிறார் என்றீர்கள். கல்லூரிச் சம்பளம் எப்போது அப்படி ஏறுகிறது?

முனைவர் பட்டம் உள்ளவர் நான்கு ஆண்டில் நிலை 10-லிருந்து 11-க்குப் போகலாம். முனைவர் பட்டமோ எம்.ஃபில். பட்டமோ இல்லாதவருக்கு ஆறு ஆண்டு. அடுத்த ஐந்து ஆண்டில் நிலை 12. அதற்கு மூன்று ஆண்டு கழித்து நிலை 13ஏ, அதாவது இணைப் பேராசிரியர். இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். அதற்கு முந்தைய நாள் அடிப்படைச் சம்பளம் 92,500-ஐ ஒட்டி இருக்கும். 13ஏ தொடங்குவதே 1,31,400-இல். ஒரே தாவலில் 39,000-க்கு அருகில். அதன்பின் பேராசிரியர் நிலை 14 என்றால் 1,44,200.

இந்தத் தாவல் வேலையில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து வருகிறது. 45 வயதுக்கு மேல் சேர்பவர் அதை எட்டினாலும் சில ஆண்டுதான் அனுபவிப்பார். முனைவர் பட்டம் இல்லாமல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மட்டும் வைத்துச் சேர்பவர் இணைப் பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பதவி உயர்வு தானாக வராது. புத்தாக்கப் பயிற்சி, ஆய்வுக் கட்டுரை, ஆண்டுத் தன்மதிப்பீட்டுப் படிவம் எல்லாம் உரிய தேதிக்குள் இருக்க வேண்டும். கோப்பில் ஒரு சான்று குறைந்தாலும் தாவல் தள்ளிப்போகும். போன மாதங்களின் பணம் நிலுவையில் கிடக்கும்.

நெட், செட், முனைவர் பட்டம்: எது முதலில்?

உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55% (பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5% தளர்வு உண்டு), அதோடு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லாவிட்டால் முனைவர் பட்டம். இடையில் பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று ஒரு விதி வந்து, 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள். செட் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். நெட் நாடு முழுக்கச் செல்லும்.

பணக் கணக்குப்படி முதலில் நெட், அதிலும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தகுதியோடு. காரணம் எளிது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து ஆண்டில் 24 லட்சம். அதே ஐந்து ஆண்டு கௌரவ விரிவுரையாளராக இருந்தால் 13,75,000. ஆய்வு மாணவராக இருப்பவர் பாடம் நடத்துபவரைவிட அதிகம் வாங்குகிறார், கடைசியில் முனைவர் பட்டமும் அவர் கையில்.

யு.ஜி.சி. நெட் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. இரண்டு தாள், முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாவதில் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) நெட், அதில் மதிப்பெண் குறைப்பு உண்டு. நம் மாவட்டத்து மாணவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் முதல் தாளில்தான். பாடத்தை இரண்டாம் தாளுக்குக் கரைத்துக் குடித்திருப்பார்கள்; தரவு விளக்கம், தருக்கம், ஆய்வு முறையியல் ஆகியவற்றைத் தொட்டிருக்க மாட்டார்கள். முதல் தாளின் 100 மதிப்பெண்ணும் சேர்த்துத்தான் தகுதி எல்லை. தினம் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்க வேண்டும்.

கடலியல், கடல்சார் உயிரியல் படித்தவர்களுக்குக் கல்லூரி வேலை உண்டா?

இந்தக் கரைக்கே உரிய கேள்வி இது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. படிக்கவும் ஆய்வு செய்யவும் இதைவிட நல்ல இடம் எது? சிக்கல் வேலை அறிவிப்பில்தான் வருகிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் பணியிடங்கள் விலங்கியல், தாவரவியல் என்றே இருக்கும். உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் விண்ணப்பம் நிற்கும். பட்டத்தில் எழுதியிருக்கும் பெயர், எழுத்துக்கு எழுத்து அந்த இணைத்தன்மை அரசாணையில் இருக்கிறதா என்று முதுகலையில் சேரும் முன்பே பாருங்கள். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் இதனால் வெளியேறுவது கொடுமை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானி பணி (மண்டபம் மையத்தில் இருப்பவர்கள் இந்த வகை) தொடங்குவதும் அதே 57,700-இல்தான். போட்டி அகில இந்திய அளவில். பணியிடம் எந்த மாநிலத்திலும் வரலாம்.

ஐ.டி. வேலைக்குப் போனவர்கள்தானே நன்றாகச் சம்பாதிக்கிறார்கள்?

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்க்கான தொகுப்பு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நீண்ட காலமாக நிற்கிறது. நிறுவனம் கட்டும் வைப்பு நிதியும், வரலாம், வராமலும் போகலாம் என்ற மாறுபடும் ஊதியமும் அந்தத் தொகைக்குள்தான் அடக்கம். கைக்கு 25,000-ஐ ஒட்டி வரும். சென்னையில் விடுதி, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்து 13,000 என்று வைத்தால் மிச்சம் 12,000. வீட்டிலிருந்தே போய்வரும் கௌரவ விரிவுரையாளரின் மிச்சமும் முதல் இரண்டு ஆண்டு அதற்குக் குறையாது.

வித்தியாசம் மூன்றாம் ஆண்டில் தொடங்குகிறது. ஐ.டி.யில் திறன் உள்ளவர் நிறுவனம் மாறும்போது சம்பளம் எகிறும். கௌரவ விரிவுரையாளரின் 25,000 அரசு ஆணை போடும் வரை அப்படியே கிடக்கும். திறன் ஏறாதவருக்கு ஐ.டி.யிலும் மந்தம்தான், வேலை போகும் அபாயம் வேறு.

வங்கி வேலை?

எழுத்தருக்குத் தொடக்க அடிப்படை 24,050, அதிகாரிக்கு 48,480. வங்கிக்கென்று தனி அகவிலைப்படி கணக்கு இருப்பதால் அதிகாரியின் மொத்தச் சம்பளம் தொடக்கத்திலேயே 75,000-ஐத் தாண்டும். எந்தப் பட்டமும் போதும். முதுகலையும் முனைவர் பட்டமும் தேவையில்லை. ஆனால் வயது வரம்பு எழுத்தருக்கு 28, அதிகாரிக்கு 30 (இடஒதுக்கீட்டுத் தளர்வு தனி). முனைவர் பட்டம் முடித்துவிட்டு வங்கியைப் பற்றி யோசிப்பது காலம் கடந்த யோசனை. இளங்கலை முடித்த கையோடு எழுத வேண்டிய தேர்வு இது.

கீழக்கரை, பனைக்குளம், தேவிபட்டினம் பக்கம் எல்லாரும் வளைகுடாவுக்குப் போகிறார்கள். பட்டதாரிக்கு அது மேலா?

மொத்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஊருக்கு வந்து சேரும் தொகையைப் பாருங்கள். துபாயில் 3,000 திர்ஹம் சம்பளம். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்றால் 72,000. அறையும் சாப்பாடும் நிறுவனம் தராவிட்டால் படுக்கை வாடகை, சாப்பாடு, போன் என்று 1,000 திர்ஹம் போய்விடும். மிச்சம் 48,000. சுயநிதிக் கல்லூரியின் 16,200-க்கு முன்னால் இது மூன்று மடங்கு. நிரந்தர உதவிப் பேராசிரியரின் 82,000-க்கு முன்னால் நிற்காது.

அங்கே வருமான வரி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. வேலை முடிந்து வரும்போது, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை; அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். அடிப்படை என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் 3,000-ஐ 1,200 அடிப்படை, 1,800 படி என்று பிரித்திருந்தால் பணிக்கொடை 1,200-க்குத்தான்.

ஏஜெண்ட் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜெண்டின் உரிம எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது பட்டதாரிகளையும் தெருவில் நிறுத்தியிருக்கிறது.

சுயநிதிக் கல்லூரியில் சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஆண்டுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்பது முதல் கேள்வி. 18,000 என்று சொல்லிவிட்டு மே மாதம் பாதி, அல்லது ஒன்றுமில்லை என்பார்கள். 12 மாதம் என்றால் 2,16,000. 11 மாதம் என்றால் 1,98,000. நியமன ஆணையில் எழுதச் சொல்லுங்கள்.

வாரம் எத்தனை மணி நேரம் வகுப்பு? 16-க்கு மேல் 22, 24 என்று போனால் நெட்டுக்குப் படிக்க நேரம் இருக்காது. மூன்று ஆண்டு கழித்தும் அதே தகுதியில் அதே 18,000-இல் நிற்பீர்கள். இதுதான் மிகப் பெரிய நஷ்டம், சம்பளச் சீட்டில் தெரியாத நஷ்டம்.

கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராகப் போகச் சொல்வார்களா, இத்தனை பேரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று இலக்கு உண்டா? பெட்ரோல் யார் செலவு? நேர்காணலில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அங்கே வேலை பார்ப்பவரிடம் தேநீர்க் கடையில் கேளுங்கள்.

வைப்பு நிதி பிடிக்கிறார்களா? பிடித்தால் யு.ஏ.என். எண்ணை (வைப்பு நிதிக்கான உங்கள் நிரந்தர எண்) முதல் மாதமே வாங்கி, பணம் கட்டியிருக்கிறார்களா என்று கைப்பேசியில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது, நிறுவனப் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே கழிப்பது, இரண்டும் நடக்கிறது. இரண்டும் சட்டவிரோதம்.

அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சரிபார்க்கக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு அல்ல, அதைப் பிடித்துவைக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்தெந்தச் சான்று, எந்தத் தேதியில் என்று முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டி.ஆர்.பி. சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த வாரத்தில் சான்றிதழுக்காக அலைந்து வாய்ப்பை இழப்பதுதான் இதில் நடக்கும் பெரிய கேடு.

பணம் கொடுத்தால் நிரந்தரம் ஆக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் நியமனம் டி.ஆர்.பி. வழியாக மட்டும்தான். 2024 மார்ச்சில் 4,000 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்து, ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இப்படி இழுபறி ஆகும் காலத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். படகையோ வீட்டையோ அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராது. கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்.

பெண்களுக்குக் கணக்கு மாறுமா?

சில இடங்களில் மாறும். நிரந்தர அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு சம்பளத்தோடு 12 மாதம். தனியார் கல்லூரியில் சட்டப்படி 26 வாரம்; முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "விலகிவிட்டுக் குழந்தை பிறந்தபின் வாருங்கள்" என்று சொன்னால் அது சட்டமீறல். விலகல் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். விலகினால் பணிக்கொடைக்கான தொடர்ச்சியும் அறுந்துபோகும்.

அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் இராமநாதபுரத்தைச் சுற்றி வேலை பார்ப்பவருக்குப் போக்குவரத்தில் மாதம் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். இராமேஸ்வரம் போன்ற தூரங்களுக்கு நகரப் பேருந்து உதவாது. 55 கிலோமீட்டர் போய்வர நேரமும் காசும் இரண்டும் போகும். 18,000 சம்பளத்தில் 3,000 பேருந்துக்கே கொடுப்பதைவிட, பக்கத்தில் 16,000-க்குக் கிடைக்கும் வேலை மேல். மிச்சப்படும் இரண்டு மணி நேரத்தில் நெட்டுக்குப் படிக்கலாம்.

வருமான வரி?

புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை. புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியரின் 91,166-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 10,93,992. வாடகைப்படி சேர்ந்தாலும் எல்லைக்குள்தான்.

சம்பளம் போதவில்லை. தனிப்பயிற்சி எடுக்கலாமா?

நிரந்தர அரசுப் பணியில் கூடாது. விடைத்தாள் திருத்தம், செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போவது போன்ற பல்கலைக்கழக வேலைகளுக்கு வரும் தொகையில் தடை இல்லை. தனியார் கல்லூரியில் நியமன ஆணையில் தடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத இடத்தில் டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு எடுப்பவர்கள் உண்டு. அது உங்களுக்கும் தேர்வுப் பயிற்சியாக ஆகும்.

பத்து ஆண்டு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துவிட்டு விலகினால் ஏதாவது கிடைக்குமா?

பணிக்கொடை கிடைக்கும். தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு அது இல்லை என்று இன்றும் சில நிர்வாகங்கள் சொல்கின்றன. 2009 திருத்தத்தில் ஆசிரியர்களும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். 1997 ஏப்ரல் 3 முதல் அது செல்லும். பொதுவாக ஐந்து ஆண்டு தொடர் பணி இருக்க வேண்டும்.

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 20,000 ரூபாய், பத்து ஆண்டு என்றால் 1,15,385 ரூபாய். ஆண்டுதோறும் மே மாதம் நிறுத்தி ஜூனில் புது ஆணை கொடுத்திருந்தால், "தொடர் பணி இல்லை" என்று வாதிடுவார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டின் நியமன ஆணை, வருகைப் பதிவு நகல், மே மாதத்தில் சேர்க்கைப் பணிக்கு அனுப்பிய சுற்றறிக்கை, சம்பளம் வந்த வங்கிக் கணக்கறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விலகிய 30 நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பித்து, பதிவுத் தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் 30 நாளில் கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனு செய்யலாம். தாமதித்த நாட்களுக்கு வட்டியும் சேர்த்து வரும்.